வாசலைத் தாண்டச் சொன்ன கர்தினால்



மாதத்தின் முதல் வெள்ளி வந்தால் நம் பங்குகளில் நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். உபதேசியார் முன்னே போய்ச் சொல்லிவைத்திருப்பார். வீட்டில் ஒரு முக்காலியில் வெள்ளைத் துணி விரித்து, பாடுபட்ட சுரூபமும் இரண்டு மெழுகுதிரிகளும் வைத்திருப்பார்கள். நாம் வாசலைத் தாண்டி உள்ளே சென்று, கட்டிலருகே அமர்ந்து, பாவசங்கீர்த்தனம் கேட்டு, நற்கருணை வழங்கி, நலம் விசாரித்துத் திரும்புகிறோம். மாடி வீடானாலும் ஓலைக் குடிசையானாலும், எந்தத் தெருவானாலும் இதுவே முறை. இதில் அதிசயம் ஏதும் இருப்பதாக நமக்குத் தோன்றுவதில்லை.

ஆனால் இதே தமிழ் மண்ணில், ஒரு குரு நோயாளியின் வாசலைத் தாண்டலாமா கூடாதா என்பது ஒரு காலத்தில் உரோமை வரை சென்ற வழக்கு. அந்த வழக்கில் முதல் ஆணை பிறப்பித்தவர், தமிழ் தெரியாதவர். தமிழகத்தில் எட்டு மாதங்களே தங்கியவர். பின்னாளில் கர்தினாலாக உயர்த்தப்பட்டு, சிறைக் காவலில் உயிர்விட்டவர். அவர் பெயர் கார்லோ தொம்மாசோ மையார் தெ தூர்னோன். திருச்சபை வரலாற்றில் அவரை அவசரக்காரர் என்று எழுதியவர்களும் உண்டு. திருப்பீடத்திற்காகத் துன்புற்றவர் என்று போற்றியவர்களும் உண்டு. இரண்டிலும் உண்மை இருக்கிறது. எனினும் அவருடைய வாழ்வில் குருக்களும் இறைமக்களும் இன்றும் அமர்ந்து சிந்திக்க வேண்டிய ஒரு செய்தி இருக்கிறது. அதையே இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முத்துக்குளித்துறையில் தொடங்கிய வழக்கு

தூர்னோன் நம் கடற்கரைக்கு வந்ததில்லை. ஆனால் அவர் தீர்ப்புச் சொல்ல வந்த வழக்கின் வேர் நம் கடற்கரையில் இருக்கிறது.

1535 முதல் 1537 வரை முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542-ஆம் ஆண்டு புனித பிரான்சிஸ் சவேரியார் வந்தார். தமிழ் அறிந்தவர்களின் துணையோடு செபங்களைத் தமிழில் பெயர்த்து, அவற்றை மனப்பாடம் செய்து, ஊர் ஊராகக் கற்பித்தார். நோயாளிகளின் வீடுகளிலிருந்து அழைப்புகள் பெருகியபோது, தம்மால் போக முடியாத வீடுகளுக்குச் செபம் கற்ற சிறுவர்களை அனுப்பிவைத்தார். அவருக்குப் பின் வந்த ஹென்றி ஹென்றிக்கஸ் அடிகளார் தமிழை முறையாகக் கற்று, 1578-இல் தம்பிரான் வணக்கத்தை அச்சேற்றி, 1600-இல் இறக்கும்வரை இம்மக்களுக்காகவே உழைத்தார்.

அதே வேளையில் ஒரு சிக்கலும் உருவானது. போர்த்துக்கீசியரோடு சேர்ந்து வந்த மறையானதால், உள்நாட்டு மக்கள் இதைப் பறங்கியர் மார்க்கம் என்று ஒதுக்கினார்கள். மாட்டிறைச்சி உண்பவர்கள், மது அருந்துபவர்கள், சாதி ஆசாரம் இல்லாதவர்கள் என்பதே பறங்கியரைப் பற்றிய அன்றைய எண்ணம். மதுரையில் 1595 முதல் பணியாற்றிய கொன்சாலோ பெர்னாண்டஸ் அடிகளார், அங்கு வாழ்ந்த, வாணிபத்திற்காக வந்துபோன பரதவக் கிறிஸ்தவர்களுக்கு மேய்ப்பராக இருந்தார். உள்நாட்டவரோ அவரை நெருங்கவில்லை.

1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி அடிகளார் வேறு வழியைத் தேர்ந்தார். காவி உடுத்தினார், புலால் நீக்கினார், தமிழும் வடமொழியும் கற்றார், தாம் பறங்கி அல்ல என்று அறிவித்துத் தனியே வாழ்ந்தார். உடன் உழைத்த பெர்னாண்டஸ் அடிகளாரே இதை எதிர்த்து மேலிடத்திற்கு முறையிட்டார். 1623-இல் திருத்தந்தை 15-ஆம் கிரகோரி, பூணூல், குடுமி, சந்தனம், நீராடல் ஆகியவற்றைச் சமூக வழக்கங்களாகக் கருதி, நிபந்தனைகளோடு அனுமதி தந்தார்.

அந்த அனுமதியால் மதுரை மறைபரப்புத் தளம் வளர்ந்தது. ஆனால் அதற்கு ஒரு விலையும் இருந்தது. உயர்சாதியினருக்குப் பணியாற்றும் குரு தாழ்த்தப்பட்டவர்களோடு பழகுவதைக் கண்டால், அவரும் தீட்டுப்பட்டவராக எண்ணப்படுவார். எனவே 1640 முதல், பிற சாதி மக்களுக்காகப் பண்டாரசாமிகள் என்ற இன்னொரு பிரிவுக் குருக்கள் உருவானார்கள். 1693-இல் ஓரியூரில் இரத்தம் சிந்திய புனித அருளானந்தர் அத்தகைய பண்டாரசாமியே. அப்படியிருந்தும் பறையர் இன மக்களுக்குத் தனிக் கோவில், அல்லது கோவிலில் தனி இடம் என்ற நிலை தொடர்ந்தது. அவர்களில் ஒருவர் நோயுற்றால் அவரைக் கோவிலுக்கோ, குரு வரக்கூடிய வேறோர் இடத்திற்கோ தூக்கி வர வேண்டும். குரு அவருடைய குடிசைக்குள் போவதில்லை.

அந்தக் குருக்களை இன்றைய நாற்காலியில் அமர்ந்து பழிப்பது எளிது. அவர்கள் சொந்த நாட்டை மறந்து, சோறும் கீரையும் உண்டு, வெயிலில் நடந்து, சிறைகளையும் அடிகளையும் தாங்கியவர்கள். சேரிக்குள் குரு நுழைந்தது தெரிந்தால் மற்றவர்கள் விலகுவார்கள், ஆட்சியாளர்கள் விரட்டுவார்கள், உள்ள மந்தையும் சிதறும் என்பது அவர்களுடைய உண்மையான அச்சம். ஆனால் அந்த அச்சத்தின் சுமையைத் தூக்கியவர்கள் யார்? காய்ச்சலில் கிடந்த ஏழையும், அவனைக் கட்டிலோடு தூக்கி வந்த உறவினரும் அல்லவா?

திருத்தந்தையின் தூதர்

கார்லோ தூர்னோன் 1668 டிசம்பர் 21 அன்று தூரின் நகரில் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். திருச்சபைச் சட்டத்திலும் குடிமைச் சட்டத்திலும் பட்டம் பெற்று, உரோமைக்குச் சென்று, திருத்தந்தை 11-ஆம் கிளமெந்துவின் நம்பிக்கைக்கு உரியவரானார். 1701 டிசம்பர் 5-ஆம் நாள் திருத்தந்தை அவரை இந்தியாவுக்கும் சீனாவுக்கும் தம் முழு அதிகாரம் பெற்ற தூதராக நியமித்தார். அதே மாதம் 27-ஆம் நாள், புனித பேதுரு பேராலயத்தில் திருத்தந்தையே அவரை ஆயராகத் திருநிலைப்படுத்தி, அந்தியோக்கியாவின் முதுபெரும் தந்தை என்ற பட்டத்தையும் அளித்தார். அப்போது அவருக்கு வயது 33.

அவரிடம் ஒப்படைக்கப்பட்ட பணி கடினமானது. கீழை நாடுகளில் உழைத்த பல்வேறு சபைக் குருக்களிடையே ஒற்றுமையை வளர்க்க வேண்டும். மறைபரப்புத் தளங்களின் நிலையைத் திருத்தந்தைக்கு அறிவிக்க வேண்டும். உள்நாட்டுச் சடங்குகளைப் பற்றிய பூசல்களுக்கு முடிவு காண வேண்டும். அவர் பிரெஞ்சு அரசின் கப்பலில் 1703 பிப்ரவரியில் ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்டு, நவம்பர் 6-ஆம் நாள் புதுச்சேரியில் இறங்கினார். அந்நாளில் தூத்துக்குடி டச்சுக்காரர் கையில் இருந்தது. புதுச்சேரியோ அவர்களிடமிருந்து மீண்டும் பிரெஞ்சுக்காரரிடம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன.

அங்கே கப்புச்சின் சபையினருக்கும் இயேசு சபையினருக்கும் மனத்தாங்கல் முற்றியிருந்தது. தமிழ்க் கிறிஸ்தவர்களை மேய்க்கும் பொறுப்பு யாருக்கு என்பதில் தொடங்கிய பிணக்கு, இயேசு சபையார் கிறிஸ்தவர்களிடையே புறச்சமயச் சடங்குகளை அனுமதிக்கிறார்கள் என்ற குற்றச்சாட்டாக உரோமைக்குப் போயிருந்தது. தூர்னோன் இதை விசாரிக்கத் தொடங்கினார். ஆனால் உடல்நிலை அவருக்கு ஒத்துழைக்கவில்லை. உள்நாட்டு ஊர்களுக்கு அவர் போகவேயில்லை. கப்புச்சின் குருக்கள் சொன்னதைக் கேட்டார்; இயேசு சபைக் குருக்கள் சிலரை விசாரித்தார்; மொழிபெயர்ப்பாளர்கள் வழியாகத் தமிழர் சிலரைக் கேட்டறிந்தார். அவ்வளவுதான்.

நம் கடலோடு பழகியவர்களுக்கு இது புரியும். கரையில் நின்று பார்ப்பவருக்குக் கடல் ஒரே நீலம். அடியில் எங்கே பார் இருக்கிறது, எங்கே மணல், எங்கே நீரோட்டம் என்பதை மூச்சடக்கி மூழ்கியவரே அறிவார். தூர்னோன் மூழ்கவில்லை, மூழ்க அவருக்கு நேரமும் இல்லை, உடல்நலமும் இல்லை.

16 கட்டளைகள்

1704 ஜூன் 23 தேதியிட்டு அவர் ஓர் ஆணையை எழுதினார். அதில் 16 கட்டளைகள் இருந்தன. திருமுழுக்கின்போது உமிழ்நீர் தொட்டுச் செய்யும் சடங்கைக் குருக்கள் விட்டுவிடக் கூடாது. புனிதர்களின் பெயரையே சூட்ட வேண்டும். குழந்தைகளின் திருமுழுக்கைத் தள்ளிப்போடக் கூடாது. சிறுவயதுத் திருமணங்கள் கூடாது. பிள்ளையார் உருவம் பொறித்த தாலியை அணியக் கூடாது. பெண் பூப்படைந்ததைக் கொண்டாடும் சடங்கு கூடாது. கோவில் விழாக்களில் கிறிஸ்தவ இசைக் கலைஞர்கள் வாசிக்கக் கூடாது. திருநீறு பூசக் கூடாது. புறச்சமயக் கதை நூல்களைப் படிக்கக் கூடாது என்று அது நீண்டது.

இவற்றில் பல, மண்ணை அறியாதவர் எழுதியவை என்பது இன்று நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. எச்சிலைத் தமிழர் எவ்வளவு அருவருப்பாகக் கருதுவர் என்பது நமக்குத் தெரியும். குழந்தையின் காதிலும் மூக்கிலும் உமிழ்நீர் தொட்டு வைப்பதை நம் முன்னோர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? 1969-இல் வெளிவந்த குழந்தைகள் திருமுழுக்குச் சடங்குமுறையில் உமிழ்நீர் இல்லை. அன்று தூர்னோன் வற்புறுத்தியதைப் பின்னாளில் திருச்சபையே கைவிட்டது. தாலியைப் பொறுத்தவரை, அதில் பிள்ளையாருக்குப் பதிலாகச் சிலுவையோ அன்னையின் உருவமோ இருக்கலாம் என்று அவர் இடம் தந்தார். இன்று நம் பெண்கள் சிலுவையும் புறாவும் பொறித்த தாலி அணிவதைக் காண்கிறோம்.

ஆனால் அந்த 16 கட்டளைகளுக்குள் வேறு சிலவும் இருந்தன. மாதவிலக்கு நாள்களில் பெண்களைக் கோவிலிலிருந்தும் பாவசங்கீர்த்தனத்திலிருந்தும் விலக்கி வைக்கக் கூடாது என்றார். எல்லாவற்றுக்கும் மேலாக, பறையர் இன மக்களில் ஒருவர் நோயுற்றால், குரு அவருடைய வீட்டுக்கே சென்று ஆன்மீக உதவி அளிக்க வேண்டும் என்று கட்டளையிட்டார். நோயாளியைக் குருவிடம் தூக்கி வருவது அல்ல, குரு நோயாளியிடம் போவதே முறை என்றார்.

எண்ணிப் பார்ப்போம். இந்நாட்டின் மொழி அறியாத, இந்நாட்டின் ஊர்களைக் காணாத ஒருவர், ஆண்டாண்டுக் காலம் இங்கு வாழ்ந்த அறிஞர்களும் தியாகிகளும் பழகிப்போன ஒரு தவற்றைக் கண்டுகொண்டார். வெளியாளின் கண்ணுக்கு உள்ளே இருப்பவை பல தெரிவதில்லை. ஆனால் உள்ளே இருப்பவர்கள் காணாமல் பழகிவிட்ட ஒன்று சில நேரம் அவன் கண்ணில் படுகிறது.

மூன்று நாள்கள்

ஜூன் 23 தேதியிட்ட அந்த ஆணை, ஜூலை 8-ஆம் நாள்தான் இயேசு சபைத் தலைவர்களிடம் கொடுக்கப்பட்டது. ஜூலை 11-இல் தூதர் கப்பலேற வேண்டும். இடையில் மூன்றே நாள்கள். எட்டு மாதங்கள் உடனிருந்தவர்களிடம் கலந்து பேசாமல், புறப்படும் வேளையில் கையில் கொடுத்துவிட்டுப் போன இந்த முறைதான் அவர்மீது வந்த பெரிய குறை.

மறைபரப்பாளர்கள் பதறிப்போனார்கள். போதிய தகவலின்றி எழுதப்பட்ட ஆணை இது, நிறைவேற்றினால் மறைபரப்புத் தளமே அழிந்துவிடும் என்று மன்றாடினார்கள். தூர்னோன் இரண்டு காரியங்களில் மனம் இளகினார். ஆணையை மீறுவோருக்கு விதித்த திருச்சபைத் தண்டனைகளை வாய்மொழியாக நீக்கினார். மற்றொன்று, ஒரு கட்டளையைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தார். எந்தக் கட்டளையை? நோயுற்ற தாழ்த்தப்பட்டவரின் வீட்டுக்குக் குரு செல்ல வேண்டும் என்ற அந்தக் கட்டளையைத்தான்.

அன்பர்களே, இந்த இடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். தாலியின் உருவம், திருநீறு, பூப்பு விழா ஆகியவை பற்றிய கட்டளைகள் அப்படியே நின்றன. அந்தப் 16-இல் நற்செய்திக்கு மிக நெருக்கமானது எதுவோ, அதுவே தள்ளிவைக்கப்பட்டது. நூற்றுவர் தலைவனின் வீட்டுக்குப் புறப்பட்ட ஆண்டவர், பேதுருவின் மாமியாரைக் கைப்பிடித்துத் தூக்கிய ஆண்டவர், தொழுநோயாளரைத் தொட்ட ஆண்டவர் காட்டிய வழி அது. அதை யாரும் தவறு என்று சொல்லவில்லை. இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்றுதான் சொன்னார்கள். ஏழைக்குரிய நீதியை மறுப்பவர்கள் பெரும்பாலும் அதை மறுப்பதாகச் சொல்வதில்லை; தள்ளிப்போடுகிறார்கள்.

சிறைக்கு வந்த சிவப்புத் தொப்பி

தூர்னோன் மணிலா வழியாகப் பயணம் செய்து 1705 ஏப்ரலில் மக்காவ் சேர்ந்தார். டிசம்பர் 4-ஆம் நாள் பீக்கிங் நகருக்குள் நுழைந்தார். சீனாவை அப்போது ஆண்டவர் காங்சி பேரரசர். அறிவுத் தாகம் மிக்கவர். இயேசு சபைக் குருக்களின் கணித, வானியல் புலமையை மதித்தவர். 1692-இல் கிறிஸ்தவ மறைக்குச் சுதந்திரம் வழங்கியவர். தூதரை முதலில் அன்போடு வரவேற்றார்.

சீனாவிலும் இதே போன்ற கேள்வியே. முன்னோர்களுக்கும் கன்ஃபூசியஸுக்கும் சீனர் செலுத்தும் வணக்கம் சமய வழிபாடா, குடும்ப மரியாதையா? மரியாதையே என்பது இயேசு சபையாரின் நிலை. பேரரசரின் நிலையும் அதுவே. ஆனால் 1704 நவம்பர் 20-இல் உரோமை அதற்கு எதிராக முடிவெடுத்துவிட்டது. தூதரோடு நின்று வாதிட்ட ஆயர் மைக்ரோவைப் பேரரசர் அழைத்து, அரியணைக்கு மேலே எழுதியிருந்த நான்கு சீன எழுத்துகளைப் படிக்கச் சொன்னார். அவரால் சரியாகப் படிக்க முடியவில்லை. எங்கள் எழுத்தே தெரியாதவர்கள் எங்கள் வழக்கங்களுக்குத் தீர்ப்புச் சொல்வதா என்று பேரரசர் சினந்தார். சடங்குகளை ஏற்பதாக வாக்களிக்கும் குருக்களே நாட்டில் இருக்கலாம் என்று ஆணையிட்டார்.

தூர்னோன் பின்வாங்கவில்லை. 1707 ஜனவரி 25-ஆம் நாள், சடங்குகளைத் தடைசெய்து நான்கிங் நகரில் ஆணை வெளியிட்டார். பேரரசர் அவரை மக்காவுக்கு அனுப்பிக் காவலில் வைக்கச் செய்தார். அங்கிருந்த போர்த்துக்கீசிய அதிகாரிகளோ, தங்கள் அரசரின் இசைவு இல்லாமல் கீழை நாடுகளில் எந்தத் திருப்பீடத் தூதருக்கும் அதிகாரம் இல்லை என்று கருதியவர்கள். கிறிஸ்தவ அரசின் வீரர்களே திருத்தந்தையின் தூதருக்குக் காவல் நின்றார்கள்.

அவர் காவலில் இருந்தபோதே, 1707 ஆகஸ்ட் 1-ஆம் நாள் திருத்தந்தை அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். அந்தச் செய்தியும் கர்தினாலுக்குரிய சிவப்புத் தொப்பியும் அவரைச் சேர இரண்டரை ஆண்டுகள் ஆயின. 1710 ஜனவரியில் மத்தேயோ ரிப்பா உள்ளிட்ட மறைபரப்பாளர்கள் அதைக் கொண்டு வந்தார்கள். ஆறு மாதங்கள்கூட அவர் கர்தினாலாக அதை அணியவில்லை. 1710 ஜூன் 8-ஆம் நாள், தம் 41-ஆம் வயதில், அதே காவலில் இறைவனடி சேர்ந்தார். அவருக்குப் பின் தூதராக வந்த மெத்சபார்பா அவருடைய உடலை உரோமைக்குக் கொண்டு சென்றார். 1723 செப்டம்பர் 27-இல் மறைபரப்புப் பேராயத்தின் ஆலயத்தில் அது அடக்கம் செய்யப்பட்டது.

இன்னொரு நிகழ்வையும் இங்கே நினைவுகூரலாம். தமிழ் அறியாத தூர்னோன் மக்காவில் கண்மூடிய அதே 1710-இல், இயேசு சபையின் ஜோசப் பெஸ்கி என்ற இளம் குரு இந்திய மண்ணில் கால்வைத்தார். அவரே தமிழைக் கரைகண்டு தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர்.

காலம் சொன்ன தீர்ப்பு

தூர்னோனின் புதுச்சேரி ஆணையை 1706 ஜனவரியில் திருப்பீடம் தற்காலிகமாக உறுதிசெய்தது. மறைபரப்பாளர்களான லாயினஸ், பூஷே ஆகியோர் உரோமைக்கே சென்று தங்கள் தரப்பை எடுத்துரைத்தார்கள். வழக்கு திருத்தந்தை மாறித் திருத்தந்தை என நீண்டது. 1739 முதல், மலபார் சடங்குகள் என்று அழைக்கப்பட்ட இவ்வழக்கங்களை அனுமதிப்பதில்லை என்று ஒவ்வொரு மறைபரப்பாளரும் ஆணையிட வேண்டியதாயிற்று.

1744-இல் திருத்தந்தை 14-ஆம் பெனடிக்ட் இறுதித் தீர்ப்பு வழங்கினார். நோயுற்ற தாழ்த்தப்பட்ட மக்களைக் குருக்கள் அவர்களுடைய வீட்டிலேயே சந்திக்க வேண்டும் என்பதில் திருப்பீடம் உறுதியாக நின்றது. இயேசு சபையார் அதற்கென்றே சில குருக்களைத் தனியே ஒதுக்குவதாகச் சொன்னார்கள். திருத்தந்தையும் அதை ஏற்றுக்கொண்டார். ஆக, தூர்னோன் எழுதி 40 ஆண்டுகள் கழித்துக் குரு குடிசைக்குள் நுழைந்தார். ஆனால் நுழைந்தவர் அம்மக்களுக்கென்றே பிரித்து வைக்கப்பட்ட குரு. வாசல் திறந்தது, சுவர் விழவில்லை. 1773-இல் இயேசு சபையே கலைக்கப்பட்டபோது அந்த ஏற்பாடும் குலைந்தது.

சடங்குகளைப் பற்றிய மற்ற கண்டிப்புகளைக் காலம் தளர்த்தியது. 1939-இல் சீனச் சடங்குகள் மீதான தடையைத் திருப்பீடம் தளர்த்தியது. 1940-இல் மலபார் சடங்குகள் பற்றிய உறுதிமொழியும் நீக்கப்பட்டது. அதற்கு முன்பே 1923-இல் தூத்துக்குடி மறைமாவட்டம் உருவானபோது, இம்மண்ணின் மைந்தர் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகை நம் முதல் ஆயரானார். மொழிபெயர்ப்பாளர் வேண்டாத மேய்ப்பர் ஒருவர் நமக்குக் கிடைத்தார். 1960-களில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் மக்களின் மொழிக்கும் பண்பாட்டுக்கும் திருவழிபாட்டில் இடம் தந்தது. இன்று நாம் குத்துவிளக்கு ஏற்றுகிறோம், ஆரத்தி எடுக்கிறோம், தமிழில் பாடுகிறோம். தூர்னோன் அஞ்சியது போல் நம் விசுவாசம் இவற்றால் கறைபடவில்லை.

ஆனால் அவர் சுட்டிக்காட்டிய அந்த ஒன்று மட்டும் இன்னும் முடியவில்லை. தமிழகத்தின் சில ஊர்களில் தனிக் கல்லறை, தனி வரிசை, தேர் வராத தெரு என்ற வேதனைகள் நம் காலத்திலும் தொடர்ந்தன. 2003-இல் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை 2-ஆம் ஜான் பால், சாதிப் பாகுபாடு திருச்சபையின் மறைபரப்புப் பணிக்கே தடை என்பதை வெளிப்படையாக நினைவூட்டினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களின் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள்ளேயே பாகுபாடு இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022 ஆகஸ்ட் 27-ஆம் நாள், ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா, தலித் சமூகத்திலிருந்து கர்தினாலாக உயர்த்தப்பட்ட முதல் குருவானார். தாழ்த்தப்பட்டவரின் வாசலைத் தாண்டுங்கள் என்று எழுதிய ஆணைக்கும், அந்த வாசலுக்குள்ளிருந்து ஒரு கர்தினால் வெளியே வந்ததற்கும் இடையே 318 ஆண்டுகள்!

நமக்குச் சொல்வது

குருக்களாகிய நமக்கு இந்த வாழ்வு ஓர் எச்சரிக்கை. மே மாதம் பணிமாற்றம் வருகிறது. புதிய பங்குக்குப் போகிறோம். முதல் சில மாதங்களிலேயே இது கூடாது, அது கூடாது என்று பலிபீடத்திலிருந்து அறிவிக்கத் தொடங்குகிறோம். கொடியேற்றத்தை மாற்றுகிறோம், சப்பரப் பாதையை மாற்றுகிறோம். ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று ஒரு மூதாட்டியின் திண்ணையில் அமர்ந்து கேட்டோமா? எட்டு மாதங்களில் 16 கட்டளை எழுதுபவர் உரோமையிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை.

ஆனால் இதைச் சொல்லி நாம் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. மக்களை அறிந்துகொள்ள வேண்டும், பக்குவமாகப் போக வேண்டும், ஊரில் பிரச்சினை வரக்கூடாது என்று சொல்லிச் சொல்லியே தள்ளிவைத்த காரியங்கள் நம் ஒவ்வொரு பங்கிலும் உண்டு. நாம் போகாத தெரு எது? அன்பியக் கூட்டம் இதுவரை நடக்காத வீடு எது? நம் கடற்கரையில் மீனவர் குடியிருப்பைத் தாண்டி, உப்பளத்தில் கூலி வேலை செய்யும் குடும்பங்கள் இருக்கின்றன. துறைமுகத்தில் சுமை தூக்க வந்து குடியேறிய குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களில் நம் மறையைச் சேர்ந்தவர்கள் திருவிழாக் குழுவில் இருக்கிறார்களா? வரிக் கணக்கில் பெயர் இல்லை என்பதால் நோயில்பூசுதலுக்குக்கூட அழைக்கத் தயங்கும் குடும்பம் ஒன்றாவது இருக்கிறதா?

இறைமக்களாகிய உங்களுக்கும் ஒரு பங்கு உண்டு. அன்று குருக்கள் தயங்கியதற்குக் காரணம், மற்ற கிறிஸ்தவர்கள் என்ன சொல்வார்களோ என்ற பயம்தான். மக்கள் துணை நின்றால் குருவுக்குத் துணிவு வரும். சவேரியார் அனுப்பிய அந்தச் சிறுவர்கள் எந்த வீட்டுக்குப் போகலாம், எந்த வீட்டுக்குப் போகக்கூடாது என்று கணக்குப் பார்க்கவில்லை. நோயாளி இருக்கிறார் என்று கேள்விப்பட்டார்கள், ஓடினார்கள், செபித்தார்கள். நம் கடற்கரையின் முதல் மறைபரப்புப் பள்ளி அதுவே.

அடுத்த முதல் வெள்ளியன்று நோயாளியின் வீட்டு வாசலைத் தாண்டும்போது, கர்தினால் தூர்னோனுக்காக ஒரு சிறு மன்றாட்டுச் சொல்வோம். அவருடைய அவசரத்தை ஆண்டவர் மன்னிப்பாராக. அவர் எழுதி, அஞ்சி, நிறுத்திவைத்த அந்த ஒரு கட்டளையை நிறைவேற்றும் துணிவை நமக்குத் தருவாராக. தூய பனிமய அன்னை நம் கடற்கரையின் எல்லா வீடுகளையும், சிறப்பாக யாரும் நுழையாத வீடுகளையும், தம் மேலாடைக்குள் காத்தருள்வாராக!